வாய் எடை

வாய் கூசாமல் பொய் சொல்கிற ஒரு ஆளைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் எங்கள் நர்சம்மாவைத்தான் காட்டுவேன். சும்மா பொய்யா அது? நீலச் சேலை, தோளில் பெயர்ப் பட்டை, எதிரே அரசாங்கத் தராசு. முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், சந்து முனை வரைக்கும் கேட்கிற குரலில் பொய். அந்த வேலையை விட்டு வந்து இத்தனை நாளாகியும் எனக்கு அந்த அதிர்ச்சி முழுசாக அடங்கவில்லை.

கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கிற நகர்ப்புற சுகாதார நிலையம் அது. நான் அங்கே கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் ரிஷிவந்தியத்திலிருந்து பஸ். புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி நாள். நர்சம்மா ஒவ்வொரு குழந்தையாகத் தராசில் கிடத்துவார், எடையைச் சத்தமாகச் சொல்வார், ஊசியைப் போடுவார். முதல் புதன்கிழமை அவர் சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் அடித்துக்கொண்டே போனேன். சாயங்காலம் ஒரு பிழை இல்லாமல் முடித்துவிட்டேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை மேலதிகாரியிடமிருந்து போன். "இன்னாம்மா, உங்க ஏரியால பஞ்சம் கிஞ்சம் வந்துட்டுதா? ஒரு புள்ளகூட ஒழுங்கா எடை இல்லியே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்சம்மாவிடம் ஓடினேன். அவர் நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதையா போட்ட?"

"நீங்க சொன்னதத்தாங்க போட்டேன்."

"அடிப்பாவி! வாயால சொன்னத ஏன்டி போட்ட? நோட்ட வாங்கிப் பாக்கறதில்ல?"

அவருடைய நீள நோட்டை விரித்துப் பார்த்தேன். வாயால் 'நாலு' என்று சொன்ன குழந்தைக்கு நோட்டில் ஐந்து கிலோ அறுநூற்று நாற்பது. 'அஞ்சுகூட இல்ல' என்ற குழந்தைக்கு ஆறரை. நான் பார்த்த வரியிலெல்லாம் ஒன்றோ ரெண்டோ குறைத்துச் சொல்லியிருந்தார்.

"புள்ள எடைய உள்ளபடி வாயால சொல்லுவாங்களா யாராவது? அந்தக் கூடத்துல எத்தினி கண்ணு இருக்குது?" என்றார். "நீ புதன்கிழமையில காதக் கழட்டி வச்சிட்டு உக்காரு. நோட்டப் பாரு, போடு."

அன்றிலிருந்து எனக்கு எடை ரெண்டு வகை ஆயிற்று. ஒன்று நோட்டு எடை, மற்றது வாய் எடை. வாய் எடை கூடத்துக்கு, நோட்டு எடை கம்ப்யூட்டருக்கு. நோட்டில் மட்டும் அவர் ஒரு கிராம் தப்பு விட்டதாக யாரும் சொல்ல முடியாது. குழந்தை காலை உதைத்து முள் ஆடினால் எடுத்துவிட்டு மறுபடி கிடத்துவார். மூன்று தடவை வேண்டுமென்றாலும் கிடத்துவார். சட்டை, அரைஞாண், வளையல் எல்லாம் கழற்றியாக வேண்டும். அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த எடையைத்தான் அடுத்த நொடியே வாயால் குழப்பி அடிப்பார்.

வீடு வீடாகப் போகும்போது இன்னும் மோசம். தடுப்பூசிப் பெட்டி ஒரு தோளில், இன்னொரு தோளில் ஒரு பை. அந்தப் பையில் சோப்பு, சீட்டு, பேனா, கூடவே ஒரு மை டப்பா. அரசாங்கம் கொடுத்தது என்று நினைத்துவிடாதீர்கள், அவரே காசு போட்டு வாங்கியது. வாசலில் நின்றுகொண்டே குரல் கொடுப்பார். "இன்னாடி, எலிக்குட்டிய எடுத்து மடியில வச்சிக்கினு கீற? புள்ள எங்க?" எனக்கு முதல் தடவை பகீரென்றது. பெற்றவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால் அவள் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள்! அந்த வீட்டுப் பெரியவள் உள்ளே இருந்து மோர் கொண்டுவந்து நீட்டுகிறாள். மெழுமெழுவென்று இருந்த அந்தப் பிள்ளையின் கன்னத்தில் நர்சம்மா தன் டப்பாவிலிருந்து ஒரு பொட்டு வைத்துவிட்டு, "சோறு போட மாட்டீங்களாடி இதுக்கு?" என்று இன்னொரு திட்டும் திட்டிவிட்டுப் படி இறங்கினார்.

ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். தராசில் கிடந்த குழந்தையைக் காட்டி, "இது எவ்ளோ?" என்றார்.

"நாலுங்கய்யா."

அவர் குனிந்து நோட்டைப் பார்த்தார். "இதுல அஞ்சு தொள்ளாயிரம்னு போட்டிருக்கு? எதும்மா பொய்?"

"நோட்டு சரிங்கய்யா."

"அப்போ அதை வாயால சொல்லுங்க."

குழந்தையின் தாய் நர்சம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நர்சம்மா அவளைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார். "வராண்டாவுக்கு வாங்கய்யா, அங்க சொல்றேன்" என்றார். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. பத்து நாளில் மெமோ வந்தது. நர்சம்மா அதைப் படித்தார், நாலாக மடித்தார், ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் சொருகினார். மேசை நின்றுவிட்டது.

இத்தனையையும் நான் ஒரு தந்திரம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜனங்கள் கண்ணேறுக்குப் பயப்படுகிறார்கள். எடையைச் சத்தமாகச் சொன்னால் அடுத்த புதன்கிழமை வரமாட்டார்கள். அதனால் அவர்கள் வழிக்கே போய் ஊசியைப் போட்டு அனுப்புகிறார், கெட்டிக்காரி. படித்தவள் என்கிற திமிர் எனக்கு. அவர் சொன்னபடியே காதைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டை மட்டும் பார்த்து அடிக்கப் பழகிக்கொண்டேன். அப்படிப் பழகியதில்தான் எனக்கு ஒன்று தெரியாமல் போய்விட்டது.

அலமேலு என்று ஒரு பெண். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவள். இருபது வயது இருக்கும். புருஷனுக்கு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற வேலை. இவளுக்கு அதே ஆலையின் களத்தில் நெல் துழாவுகிற வேலை. ஆலைக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் குடியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. முதல் ஊசிக்கு ஒன்றரை மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நர்சம்மா எடை பார்த்துவிட்டு, "மூணு இருநூறு. பத்தாதுடி, தாய்ப்பால் மட்டும் குடு, வேற எதுவும் ஊத்தாத" என்றார்.

அவள் ஊசி அட்டையோடு என் மேசைக்கு வந்தாள். கண் நிறையத் தண்ணீர். "புள்ள வளரவே இல்லீங்களாக்கா?" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. "அட, இதுக்குப் போய் அழுவாங்களா? நர்சம்மா எல்லாருக்கும் கம்மியாத்தான் சொல்லுவாங்க, கண்ணு படாம இருக்க. நீ ஒண்ணு ரெண்டு சேத்துக்கோ" என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று கிலோ இருநூறு என்று எழுதிய அட்டை அப்போது என் கையில்தான் இருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

ஆமாம், சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் இதைப் போட முடியாது.

அடுத்த ஊசிக்கு வந்தபோது மூன்று முந்நூறு. நர்சம்மா பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் போகவில்லை. ரெண்டு தடவை அந்த அறைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்றாவது தடவை நேராக ஆலைக்களத்துக்கே போனோம். குழந்தை சாக்கு மறைப்பில் தூளியில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பால் புட்டி. நர்சம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பால் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"எவ்ளோ தண்ணி ஊத்துற?"

"பாதிக்குப் பாதிங்கம்மா. கெட்டியா குடுத்தா செரிக்காதுன்னாங்க."

நர்சம்மா போட்டார் பாருங்கள் ஒரு சத்தம். களத்தில் இருந்தவர்கள் எல்லாம் துழாவுகிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இது புள்ளையாடி? எலும்பும் தோலுமா கெடக்குது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றார். அலமேலு தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே சிரித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் நர்சம்மா ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார். "அவ ஏன்டி சிரிக்கிறா? இன்னா இருக்குது சிரிக்கறதுக்கு?" எனக்குத் தெரியவில்லை. சத்தியமாக அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது ஊசி நாளில் உறைத்தது. அன்றைக்கு முப்பத்தொரு குழந்தைகள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார வேண்டும் என்பதால் கூடம் நிறைந்து கிடந்தது. அலமேலு கடைசியாக வந்தாள். குழந்தையின் நெற்றியில் ஒரு பொட்டு, ரெண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, உள்ளங்காலிலும் ஒன்று. நர்சம்மா தராசில் கிடத்தினார். எடுத்தார். மறுபடி கிடத்தினார்.

"மூணு கிலோ நூறு" என்றார். குரலே எழும்பவில்லை. "போன தடவைய விடக் கம்மிடி. ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

அலமேலு அதே சிரிப்பு சிரித்தாள். "போறேங்கம்மா."

"எப்போ?"

"நீங்க எல்லாருக்கும் கம்மியாத்தான சொல்லுவீங்க? கண்ணு படாம இருக்கத்தான? எனக்குத் தெரியுங்கம்மா. ஒண்ணு ரெண்டு சேத்துக்கணும்னு கம்ப்யூட்டர் அக்கா அப்பவே சொல்லிட்டாங்க."

நர்சம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அவசர அவசரமாக நோட்டைப் புரட்டினேன். மூன்று இருநூறு, மூன்று முந்நூறு, மூன்று கிலோ நூறு. மூன்று தடவையும் வாய் சொன்னதும் நோட்டில் இருந்ததும் ஒன்றேதான்! வளர்ந்த குழந்தைக்குத்தான் நர்சம்மா குறைத்துச் சொல்வார். வளராத குழந்தைக்கு உள்ளதைச் சொல்வார். எல்லாம் நாலு, மூணரை என்று ஒன்றுபோல் காதில் விழும். எந்தத் தாயும் நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டாம். காதைக் கழற்றி வைத்திருந்த எனக்கு இது எப்படித் தெரியும்?

நர்சம்மா அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "உன் புள்ளைக்கு நான் பொய் சொல்லலடி. நெசமாத்தான் சொல்றேன். இப்டியே வுட்டா இது செத்துப்போயிடும்டி!"

அலமேலுவின் முகம் ஒரு நொடி ஆடிற்று. பிறகு மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது. "திட்டுங்கம்மா" என்றாள். "நல்லா திட்டுங்க."

ஐயோ, அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் மறக்கிறது? நர்சம்மா என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கூடத்தின் நடுவே போனார். நோட்டை விரித்தார். வாயைத் திறந்தார்.

"கவின். ஆறு கிலோ இருநூறு."

கூடம் கப்பென்று அடங்கியது.

"யாழினி. அஞ்சு எண்ணூறு. தர்ஷன். ஏழு கிலோ நூறு."

"ஐயோ நர்சம்மா, இன்னா பண்றீங்க?" என்று ஒருத்தி அலறினாள். பெண்கள் முந்தானையை இழுத்துக் குழந்தைகளை மூடினார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள். ரெண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். நர்சம்மா நிறுத்தவில்லை. மெமோ வாங்கியும் திறக்காத வாய், முப்பது குழந்தைகளின் எடையையும் கிராம் சுத்தமாக, ஒன்று விடாமல் சொல்லி முடித்தது. குரல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு கவினின் தாயிடம் போய் அவனைத் தூக்கினார். அவள் விடமாட்டேன் என்று இழுத்தாள். எப்படியோ பிடுங்கிக்கொண்டு வந்து அலமேலுவின் வலது கையில் வைத்தார். இடது கையில் அவளுடைய குழந்தை.

"இதுவும் உன் புள்ளையும் ஒரே வாரத்துல பொறந்துதுங்க. நான் சொல்றத நம்பாத. உன் கைய நம்பு."

அலமேலுவின் வலது கை தாழ்ந்தது. அவள் குனிந்து அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. "அம்மா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

கவினின் தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். "என் புள்ளைக்கு எதுனா ஆச்சு, உன்ன சும்மா வுட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே போனாள். மற்றவர்களும் எழுந்து போனார்கள். நர்சம்மா அலமேலுவையும் குழந்தையையும் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் சேர்த்துவிட்டு அவர் திரும்பி வரும்போது மணி நாலு இருக்கும். கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் கல்லுப்பு, காய்ந்த மிளகாய்.

"கம்ப்யூட்டரப் போடு. இன்னிக்கு வந்த புள்ளைங்க பேரு எல்லாம் எடு" என்றார்.

எடுத்தேன். "படி" என்றார். நான் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அவர் உப்பையும் மிளகாயையும் கையில் இறுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைச் சுற்றினார். விளையாட்டில்லை. வலம் மூன்று, இடம் மூன்று. "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, என் பாழாப்போன கண்ணு, என் பாழாப்போன வாயி" என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார். அடக் கடவுளே! இவர் நம்புகிறார்! தந்திரம் மந்திரம் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் மனசார நம்பித்தான் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு நம்பிக்கையை வைத்துக்கொண்டா காலையில் அத்தனை பிள்ளைகளின் எடையையும் சத்தம் போட்டுச் சொன்னார்? அன்றைக்கு எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளிலேயே பெரியது அதுதான்.

கடைசிப் பெயர் அலமேலுவின் குழந்தை. படித்தேன். நர்சம்மாவின் கை நின்றுவிட்டது.

"அதுக்கு வேணாம்" என்றார். "கண்ணு படுறதுக்கு அந்தப் புள்ளைகிட்ட இன்னா இருக்குது?"

நான் உடைந்து அழுதுவிட்டேன். "நான்தாங்க அப்டிச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொன்னேங்க."

"தெரியும். நானும் அதுக்குத்தான சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பின்பக்கம் போய்த் தகர டப்பாவில் நெருப்பு மூட்டி எல்லாவற்றையும் போட்டார். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கு இருமல் பிடுங்கிக்கொண்டு வந்தது. "வருதா? நெடி வருதா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இருமு, நல்லா இருமு" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் களை திரும்பியது.

அடுத்த புதன்கிழமை கூடம் பாதிதான் நிறைந்தது. ஊசி போட்ட காய்ச்சல் கவினுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டதால் அவன் தாய் கதவையே திறக்கவில்லை. நர்சம்மா மூன்று நாள் அந்த வாசலில் நின்று, "எலிக்குட்டி எப்டிடி கீது?" என்று கேட்டுவிட்டு வந்தார். நாலாவது நாள் கதவு திறந்தது. அந்த மாதத்திலேயே பழைய சேலையைக் கிழித்து நாலு பை தைத்து, அரிசியை அளந்து கொட்டி, கூடத்துச் சுவரில் மாட்டினார். மூணு மாசப் பை, ஆறு மாசப் பை என்று பெயர். எடை பார்க்கிறதற்கு முன்னால் ஒவ்வொரு தாயும் அந்த வயசுப் பையை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும், பிறகு தன் பிள்ளையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அலமேலு வந்தாள். இடுப்பில் குழந்தை. கன்னம் வந்திருந்தது, தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. என் பக்கம் அவள் திரும்பவில்லை. நேராகப் போய் ஆறு மாசப் பையைத் தூக்கினாள், இறக்கினாள், பிள்ளையைத் தூக்கினாள். ரெண்டுக்கும் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது போல. மறுபடி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத் தராசில் கிடத்தினாள்.

நர்சம்மா குனிந்து முள்ளைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். ஐந்து கிலோ நானூறு. என் இடத்திலிருந்து அந்த எழுத்து தெரிந்தது.

பிறகு நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னாடி இது, எலிக்குட்டி? நாலுகூட இல்ல!" என்று கத்தினார்.

அலமேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு நர்சம்மா சொன்ன முதல் பொய் அது.